உன் மாமனார் சாகக் கூடாது

தம்பி, திருக்கடையூருக்கு நான் வருகிறேனா இல்லையா என்று உன் மனைவி போனில் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அடுத்த மாதம் அவளுடைய அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம். மண்டபம் பிடித்தாயிற்று, கலசம், ஹோமம் எல்லாம் குருக்களிடம் பேசி முடித்தாயிற்று, என் பதில் ஒன்றுதான் பாக்கி. அவளிடம் நான் வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. காரணத்தை அவளிடம் சொல்ல முடியாது, உன்னிடம் சொல்லலாம். போனில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய், எனக்குக் கோபம் வரும், விஷயம் பாதியில் நின்றுபோகும். காலமெல்லாம் மயிலாடுதுறையில் நிருபராக இருந்து செய்தி எழுதியே பிழைத்தவள் நான். எழுதினால்தான் எனக்கு வரிசை தப்பாமல் வரும். பெயர்களையெல்லாம் எடுத்துவிட்டு இதை அச்சுக்கும் கொடுக்கப் போகிறேன், ஏனென்றால் உன் மாமனார் விற்கும் அந்தப் பொடி டப்பா எத்தனையோ வீட்டு அடுப்படியில் இருக்கிறது. ஆனால் அச்சில் வருவதற்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும். அந்த இடைவெளியில் நீ செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு.

உன் மாமனாரை நான் மன்னிக்கவில்லை. மன்னிக்கும் உத்தேசமும் இல்லை. காலம் ஆற்றும் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். எனக்கு ஆறவில்லை, ஆறவும் வேண்டாம். இதைப் படிக்கும்போது எந்த இடத்திலாவது அம்மா இறங்கி வந்துவிட்டாள் என்று உனக்குத் தோன்றினால், நீ தப்பாகப் படிக்கிறாய் என்று அர்த்தம்.

அவர் குத்தாலத்தில் உரக்கடை வைத்திருந்த காலம் உனக்கு அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும். உன் அப்பா அவரிடம்தான் உரம் வாங்குவார். கடைக்கு யார் வந்தாலும், எது கேட்டாலும், உன் மாமனார் தராசுப் பக்கம் திரும்பாமல் முதலில் ஒரு கேள்வி கேட்பார்: "பயிருக்கு வயசு என்ன?" அதற்குப் பதில் வந்த பிறகுதான் மூட்டையில் கை வைப்பார். ஒருநாள் நானும் உன் அப்பாவுடன் போயிருந்தேன். எங்களுக்கு முன்னால் நின்ற ஒருவர் யூரியா கேட்டார். கதிர் வரும் பருவம், பயிர் வெளுத்துத் தெரிகிறது, கொஞ்சம் போட்டால் பச்சை பிடிக்கும் என்றார். உன் மாமனார் சிரித்துவிட்டார். "கதிர் வாங்குற நேரத்துல யூரியா போட்டு யாருக்குய்யா விருந்து வைக்கப் போற, புகையானுக்கா? நாத்துல போட்டா அது சாப்பாடு. இப்பப் போட்டா பூச்சிக்குச் சாப்பாடு. போ, போயி தண்ணிய வடி." அந்த ஆள் முனகிக்கொண்டே போய்விட்டார். வீட்டுக்கு வரும் வழியில் உன் அப்பா சொன்னார்: "யாவாரம் போனாப் போவுதுன்னு புத்தி சொல்றான் பாரு. இவன் வீட்டுப் பொண்ணுன்னா கண்ண மூடிக்கிட்டு எடுக்கலாம்." உனக்கு அந்த வீட்டில் பெண் எடுத்தது அந்த ஒரு வார்த்தையால்தான். பெண்ணைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. அந்த மட்டில் உன் அப்பாவின் கணக்கு தப்பவில்லை.

ஊரெல்லாம் இயற்கை இயற்கை என்று பேச ஆரம்பித்ததும் உன் மாமனார் உரக்கடையை மூடிவிட்டுப் பொடிக்கு வந்தார். மஞ்சள், மிளகு, முருங்கைக்கீரை, கருஞ்சீரகம், ஆளிவிதை. 'குடல் காப்புப் பொடி' என்று பெயர். நீ உணவுத் தொழில்நுட்பம் படித்தவன், மாப்பிள்ளையும் ஆயிற்றே. டப்பாவின் பின்பக்கத்து வரிகளை நீதான் எழுதிக் கொடுத்தாய். 'பெருங்குடல் புற்றுநோயைத் தடுக்கும் ஆற்றல் ஆய்வுகளில் நிரூபிக்கப்பட்டது.' அதைப் படித்துவிட்டு உன் அப்பா, "எம்புள்ள எழுதுனது" என்று டப்பாவை அலமாரியில் பின்பக்கம் தெரியும்படி திருப்பி வைத்தார். நான் அப்போது ஒன்றும் கேட்கவில்லை. உன் எழுத்து அச்சில் வந்திருக்கிறது என்ற பெருமை எனக்கும் இருந்தது.

குறுவை அறுப்பு நடந்துகொண்டிருந்தபோது உன் அப்பாவுக்கு ரத்தம் போக ஆரம்பித்தது. கும்பகோணத்து டாக்டர் பார்த்துவிட்டு, இது மூலமாகவும் இருக்கலாம், வேறாகவும் இருக்கலாம், வயசு ஆகிவிட்டதால் குடலுக்குள் கேமரா விட்டுப் பார்த்துவிடலாம் என்றார். நாளும் குறித்துக் கொடுத்தார். விஷயம் தெரிந்து உன் மாமனார் அன்று சாயங்காலமே பழப்பையோடு வந்துவிட்டார்.

"சம்பந்தி, உள்ள கேமராவை விடுறேம்பாங்க. நல்லா இருக்குற கொடலக் கீறிப்புட்டு இல்லாத வியாதியெல்லாம் சொல்லுவாங்க. நம்ம வூட்டுலயே மருந்து இருக்கு. மாப்பிள்ளையே எழுதியிருக்காரு பாருங்க" என்று டப்பாவைத் திருப்பிக் காட்டினார். பிறகு அவரே ஸ்பூனால் எடுத்து, மோரில் கலந்து, உன் அப்பா கையில் கொடுத்தார்.

அவர் போன பிறகு நான் சண்டை போட்டேன். உன் அப்பா சொன்ன பதிலை அப்படியே எழுதுகிறேன்: "பொண்ணு குடுத்தவன் கையால கலந்து குடுக்குறான். அதை எப்புடிடி வேணாங்குறது? நாளைக்கு அந்தப் பொண்ணு முகத்துல நான் எப்புடி முழிப்பேன்? பொடி தானே, வெஷமா?" டாக்டர் குறித்த நாள் கடந்துபோனது. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த பலகாரம் ஊசிப்போயிருந்தாலும் நன்றாயிருந்தது என்று சொல்லித் தின்கிற ஊர் இது. உன் அப்பா அந்த மரியாதையில் வளர்ந்தவர். இரண்டு வாரத்தில் ரத்தம் நின்றது. நின்று நின்று வருவது அந்த நோயின் குணம் என்று இப்போது எனக்குத் தெரியும். அன்றைக்கு அவருக்கு அது பொடியின் வெற்றி. உன் மாமனாருக்கு அவரே போன் போட்டு நன்றி சொன்னார். அதை நான் காதால் கேட்டேன்.

நாலைந்து மாதம் கழித்து, தாளடி அறுப்பின்போது வயிறு அடைத்துக்கொண்டது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் வயிற்றைத் திறந்தபோது ஈரல் வரை பரவியிருந்தது. கேமரா விடச் சொன்னபோதே வந்திருந்தால் வேறு பேச்சு என்று டாக்டர் சொன்னபோது நீ என் பக்கத்தில் நின்றாய். அடுத்த வருடச் சாகுபடித் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்தபோது உன் அப்பா இல்லை.

கருமாதி அன்று பந்தலில் உன் மாமனார் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்: "விதி முடிஞ்சிடுச்சு. அந்தப் பொடி மட்டும் இல்லேன்னா இன்னும் முன்னாடியே போயிருப்பாரு." நான் உள்ளே வெற்றிலைத் தட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன். வேலையை நிறுத்தவில்லை, தட்டை எடுத்து வைத்தேன். ஆனால் இந்த ஆளை விடக் கூடாது என்று அந்தக் கணத்தில்தான் முடிவு செய்தேன்.

என் தொழிலில் கோபம் வந்தால் முதலில் விவரம் சேர்க்க வேண்டும். டப்பாவில் நீ சொன்ன ஆய்வுகளை அனுப்பச் சொல்லி உன்னையே கேட்டேன். வாங்கி, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படித்தேன். பிறகு உனக்குப் போன் செய்தது நினைவிருக்கிறதா?

"எலிக்கு வயசு என்னடா?"

"என்னம்மா கேள்வி இது?"

"உங்க மாமனார் கடையில கேட்ட கேள்விதான். சொல்லு."

"சின்ன எலிங்கதாம்மா. ஆய்வுல பெரும்பாலும் அப்படித்தான் எடுப்பாங்க" என்றாய். பொய் சொல்லாததற்கு நன்றி.

நான் புரிந்துகொண்டதை இங்கே எழுதிவிடுகிறேன், வாசிக்கிறவர்களுக்கும் வேண்டும். மஞ்சளில் இருக்கும் சத்து இளம் எலிகளின் குடலில் நோயின் ஆரம்பப் புள்ளிகளைக் குறைக்கிறது என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அதே சத்தை வயதான எலிகளுக்குக் கொடுத்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை என்று சொல்லும் ஆய்வுகளும் உண்டு. இளம் உடம்பில் கெட்டுப்போன செல் தன்னையே அழித்துக்கொள்ளும் வழி ஒன்று இருக்கிறது. அந்தச் சத்து அதைத் தூண்டிவிடுகிறது. வயதான குடலில் அந்தத் தூண்டுதலுக்குச் செல்கள் அவ்வளவாக மசிவதில்லை. போதாததற்கு, அறுபதை நெருங்கும் குடலில் சின்னதாக ஒரு கட்டி ஏற்கெனவே முளைத்திருக்கலாம். அது வருடக்கணக்கில் சத்தமில்லாமல் வளரும். முளைப்பதற்கு முன்னால் நல்லது செய்கிற சில சத்துகள், முளைத்த பிறகு மாத்திரையாக அள்ளி விழுங்கினால் அந்தக் கட்டிக்கே தீனியாகுமோ என்ற சந்தேகமும் ஆராய்ச்சிக்காரர்களிடம் இருக்கிறது. உறுதியாகவில்லை, சந்தேகம்தான். மனிதர்களிடம் எதுவுமே இன்னும் 'நிரூபிக்கப்பட்டது' என்று சொல்லும் நிலைக்கு வரவில்லை. கீரையும் நார்ச்சத்தும் சின்ன வயதிலிருந்து சாப்பிட்டு வந்தால் நல்லதுதான். எந்த வயதிலும் சாப்பிடு, யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ரத்தம் போகிற ஆளுக்கு அது கேமராவுக்குப் பதில் ஆகாது.

இதில் என்னைக் கொதிக்க வைப்பது என்ன தெரியுமா? இது உன் மாமனாருக்குத் தெரியாத விஷயமில்லை. நாற்றில் போட்டால் சாப்பாடு, கதிரில் போட்டால் பூச்சிக்குச் சாப்பாடு என்று நெல்லுக்குச் சொன்னவர். ஒரு படிக்காத வியாபாரி அறியாமல் செய்திருந்தால் என் கோபம் பாதியாகியிருக்கும். பயிரின் வயதைக் கேட்காமல் ஒரு கைப்பிடி உரம் கொடுக்காத மனிதர், வயதைக் கேட்காமல் ஊரெல்லாம் பொடி கொடுத்தார். நெல்லுக்குக் கொடுத்த மரியாதையை அவர் என் புருஷனுக்குக் கொடுக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் நெல் கண்காட்சி நடந்தது. பாரம்பரிய அரிசிக் கடைகளுக்கு நடுவே அவருடைய ஸ்டால். மாப்பிள்ளைச் சம்பா அரிசி மூட்டைகள் அடுக்கியிருந்த அடுத்த ஸ்டாலில் நான் நின்றிருந்தேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு அம்மாள் தன் வீட்டுக்காரருக்கு ரத்தம் போகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"பயப்படாதீங்க. எங்க சம்பந்திக்கே இதே கதைதான். டாக்டருங்க மூணு மாசம்னு கைய விரிச்சிட்டாங்க. நம்ம பொடி ஒரு வருஷம் தள்ளிக் குடுத்துச்சு. தாளடி அறுத்துட்டுத்தான் படுத்தாரு, மனுஷன்."

எந்த டாக்டரும் மூன்று மாதம் என்று சொல்லவில்லை. சொல்ல விடவே இல்லை. அந்த அம்மாள் இரண்டு டப்பா வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். பின்னாலேயே போய் நிறுத்தினேன்.

"அவரு சொன்ன சம்பந்தி எம் புருஷன்."

"ஐயய்யோ. அப்ப இது நல்ல பொடியா, கெட்ட பொடியா?"

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வயசு?"

"அறுவத்திரண்டு நடக்குது."

"பொடியை ரசத்துல போட்டுக்குங்க, வாசனையா இருக்கும். அவரைக் கையோட ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

உயிரோடு இருக்கும்போது உன் அப்பாவுக்கு உதவாத பொடிக்கு, செத்த பிறகு உன் அப்பா விளம்பரமாகியிருந்தார். அன்று வீட்டுக்கு வந்து ஒரு கட்டுரை எழுதினேன். நான் எழுதியதிலேயே கூர்மையானது அதுதான். ஆனால் அச்சுக்கு அனுப்பவில்லை. அனுப்பினால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சம்பந்திச் சண்டை, புருஷன் போன துக்கத்தில் அந்தம்மா உளறுகிறாள் என்பார்கள். அடுத்த வாரமே டப்பா விற்கும். அறுபதாம் கல்யாணத்துப் பத்திரிகை அச்சடித்தபோது, தாம்பூலப் பையில் தேங்காயோடு ஆளுக்கொரு பொடிப் பொட்டலம் போடப் போவதாக உன் மனைவி சந்தோஷமாகச் சொன்னாள். சரி, அந்த மேடையிலேயே வைத்துக் கேட்டுவிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்திரிகை வைக்க உன் மாமனாரும் மாமியாரும் போன வாரம் வந்தார்கள். உன் மாமியார் தட்டை நீட்டிவிட்டு, தயங்கி, "அண்ணி, ஹோமத்து நேரத்துல கூட்டத்துல நீங்க கஷ்டப்பட வேணாம். சாப்பாட்டு நேரத்துக்கு வந்தாப் போதும்" என்றார். புரிந்தது. தாலி இல்லாதவள் கலசத் தண்ணீர் ஊற்றும் வரிசையில் நிற்கக் கூடாது, சோற்று வரிசையில் நிற்கலாம். அந்தத் தாலியைக் கழற்ற வைத்ததில் பங்குள்ளவர் சோபாவில் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தார்.

நான் அவரை அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். சட்டைக் காலருக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் விடலாம். உதடு வெளுத்திருந்தது. வாசலிலிருந்து கூடத்துக்கு வருவதற்குள் மூச்சு வாங்கினார். உட்கார்ந்தவர் எழுந்து எழுந்து கழிவறைக்குப் போனார். அவர் உள்ளே போயிருந்தபோது உன் மாமியார் குரலைத் தாழ்த்தினார்: "ஒரு மாசமாவே மூலச்சூடு, அண்ணி. ரத்தமாப் போவுது. ரெண்டு வேளை சாப்பிட்ட பொடிய இப்ப நாலு வேளையா ஆக்கிட்டாரு."

திரும்பி வந்தவர் காதில் அது விழுந்துவிட்டது. "ஏய், கல்யாணப் பேச்சுல எதப் பேசுறதுன்னு இல்ல? எனக்கென்ன சம்பந்தியம்மா, காலையில வெறும் வயித்துல ஒரு ஸ்பூன். கொடல் கண்ணாடி மாதிரி இருக்கு."

உன் அப்பாவைக் குளிப்பாட்டித் துடைத்தவள் நான். அந்த வெளுப்பு எனக்குத் தெரியும். அந்த மூச்சிரைப்பும் தெரியும். "உடம்பைப் பாத்துக்குங்க" என்று கூடச் சொல்லவில்லை. இன்னும் இரண்டு முறுக்கு வைத்தேன். காபியைக் கொஞ்சம் ஆற்றிக் கொடுத்தேன். அவர்கள் கார் திரும்பும் வரை வாசலில் நின்று வழியனுப்பினேன். உன் அப்பா போன பிறகு நான் கனவில்லாமல் தூங்கியது அன்றைக்குத்தான். இதை எழுத எனக்குக் கை கூசவில்லை. நான் எதுவும் செய்ய வேண்டியதில்லை, அவர் பொடியே அவருக்குப் போதும். இதைவிடச் சுத்தமாக ஒரு பழி யாருக்குக் கிடைக்கும்?

மறுநாள் காலையில் அந்தக் காபி டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது மிச்சத்தை யோசித்துப் பார்த்தேன். ஒரு செய்தியை எழுதினால் அடுத்த நாள் என்ன ஆகும் என்று யோசிப்பது பழக்கம். அவர் சாகிறார். பந்தல் போடுகிறார்கள். கூட்டத்தில் யாரோ ஒருவர் எழுந்து சொல்கிறார்: "அந்தப் பொடி மட்டும் இல்லேன்னா போன வருஷமே போயிருப்பாரு." எல்லாரும் தலையாட்டுகிறார்கள். அப்புறம் டப்பாவில் அவர் படம் வரும். 'நிறுவனர்' என்று கீழே போடுவீர்கள். வியாபாரம் உன் கைக்கு வரும். பின்பக்கத்தில் உன் வரி அப்படியே இருக்கும். அந்த மனிதர் ஒரு சந்தேகமும் இல்லாமல், தான் சரி என்ற நம்பிக்கையோடு, மாலையோடு போய்விடுவார். அவர் செத்தால் அவர் ஜெயித்துவிடுவார், தம்பி. நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன்.

அதனால் நீ அவரைக் கூட்டிக்கொண்டு போ. திருக்கடையூருக்கு முன்னால், இந்த வாரத்துக்குள். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும் பரிசோதனை. நான் சொன்னால் வரமாட்டார், டாக்டர் சொன்னாலும் வரமாட்டார், மகள் அழுதால் சமாதானம் சொல்வார். அவர் உலகத்தில் நம்புகிற ஒரே படிப்பு உன் படிப்பு. ஆகையால் நீ உட்கார வைத்துச் சொல். டப்பாவை எதிரே வைத்து, இது நான் எழுதிய வரி, இது உங்கள் வயதுக்கு எழுதியதில்லை என்று சொல். எலிகளின் வயதைச் சொல். உரக்கடைக்காரரிடம் பேசுவது மாதிரி பேசினால் அவருக்கு ஒரு நிமிடத்தில் புரியும். அந்த ஒரு நிமிடத்தில் என் புருஷனுக்கு என்ன செய்தோம் என்பதும் புரியும். புரிய வேண்டும். அதற்குத்தான் உன்னை அனுப்புகிறேன்.

இருக்கிறது என்று வந்தால், வெட்டி எடுக்கிற நிலையிலேயே இருக்கட்டும். பிழைக்கட்டும். நீண்ட காலம் இருக்கட்டும். வயிற்றில் தழும்போடு அடுத்த நெல் கண்காட்சியில் நின்று, 'நான் தினமும் தின்றேன், எனக்கே வந்தது, எங்கள் சம்பந்தியை நான் ஆஸ்பத்திரிக்குப் போகவிடாமல் தடுத்தேன்' என்று அவர் வாயால் சொல்லட்டும். என் கட்டுரையை யாரும் நம்ப வேண்டாம், அவர் சொன்னால் ஊர் நம்பும். அவர் சொல்ல மறுத்தால், ஒவ்வொரு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் சம்பந்தி என்று எதிரே வந்து உட்காருவேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே சாப்பிட வேண்டும். வெறும் மூலம்தான் என்று வந்தால் எனக்கு ஏமாற்றமாகத்தான் இருக்கும். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன். அதையும் போன் செய்து சொல்லிவிடு. திருக்கடையூருக்கு வருகிறேனா இல்லையா என்பதை அதற்குப் பிறகுதான் உன் மனைவியிடம் சொல்வேன்.

உனக்கும் ஒன்று. அப்பாவுக்கு வந்த நோய் இது. மற்றவர்கள் இந்தப் பரிசோதனை செய்துகொள்ளும் வயதுக்கு முன்னாலேயே நீ செய்துகொள்ள வேண்டும். எந்த வயதில் என்று அந்த டாக்டரிடமே கேட்டுக்கொள். கீரையும் மஞ்சளும் உன் பிள்ளைக்கு இப்போதிருந்தே கொடு. அவனுடைய வயதில் அதற்கு வேலை இருக்கிறது.

பரிசோதனைக்கு முதல் நாள் பேதிக்குக் கொடுப்பார்கள். பெரிய ஜாடி நிறையக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும். குமட்டும். பாதியில் போதும் என்பார், கோபப்படுவார், உன்னைத் திட்டுவார். நீ பக்கத்திலேயே உட்கார்ந்து டம்ளரை நிரப்பிக்கொண்டே இரு. கடைசியில் வெறும் தண்ணீராகப் போகும் வரை நிறுத்தாதே. அவருடைய பொடியில் ஒரு துகள்கூட உள்ளே தங்கக் கூடாது. தங்கினால் அதன் அடியில் இருப்பது கேமராவுக்குத் தெரியாது.

அம்மா